மத்ததெல்லாம் நல்லா இருக்கு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். எழுத உட்கார்ந்தால் வரி மேலே ஏறும், கீழே இறங்கும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். ஞாபகமும் முன்போல இல்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது கலந்துவிடும்.

எங்கள் கோயில் மாதர் குழுவில், வயதானவர்கள் ஆளுக்கொன்று எழுதிக் கொடுங்கள், புத்தகமாகப் போடலாம் என்று டீச்சர் சொன்னார். மற்றவர்கள் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நான் என் வீட்டில் ஒரு பிள்ளை டாக்டருக்குப் படித்த கதையை எழுதுகிறேன். பேர் யாருக்கும் போடவில்லை. இதில் வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் நடமாடுகிறார்கள். நாளைக்குப் பசாரில் மீன் வாங்கும்போது எதிரில் வந்தால் எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

சுங்கை சிப்புட் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களைச் சாய்த்த பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் ஜொகூரில். தாமான் வீட்டில், அதாவது புதுக் குடியிருப்பில், நான் ஒருத்திதான். டாக்டருக்குப் படிக்கிற பல்கலைக்கழகம் ஒன்று பக்கத்தில் இருப்பதால், அறை காலியாக இருந்தால் மாணவர்கள் வந்து கேட்பார்கள். அப்படி வந்தவள்தான் இந்தப் பிள்ளை. பாகான் செராய்க்காரி. அப்பா நெல் லாரி ஓட்டுகிறார். வாசலில் நின்று, “ஆண்டி, ரூம் இருக்கா?” என்று கேட்டாள். தலை முழுக்க நரைத்தவளைப் பாட்டி என்று கூப்பிடாமல் ஆண்டி என்றாளே, அதற்காகவே ஜன்னல் உள்ள பெரிய அறையைக் கொடுத்தேன்.

நல்ல பிள்ளை. சத்தமே இருக்காது. குளியலறைக்குப் போகும்போதுகூட நான் ஹாலில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் காத்திருந்து, நான் எழுந்து போன பிறகுதான் துண்டை எடுத்துக்கொண்டு வருவாள். நானும் அதே ரகம்தான். அவள் வருகிறாள் என்று தெரிந்தால் வேலை இருக்கிற மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்படி ஒருத்திக்கு ஒருத்தி வழிவிட்டுக்கொண்டே முதல் வருடத்தை ஓட்டினோம்.

அந்த முதல் வருடத்தில்தான், ஒருநாள் சாயங்காலம், இன்றைக்கு என்ன பாடம் என்று சும்மா கேட்டேன். செத்த உடம்பை வைத்துப் பாடம் என்றாள். படிப்புக்காகவே தங்கள் உடம்பைக் கொடுத்துவிட்டுப் போன மனிதர்களாம். தொடுவதற்கு முன்னால் எல்லா மாணவர்களும் தலைகுனிந்து நிற்பார்களாம். எனக்குக் கேட்கக் கேட்க மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெரிய மனசுதான், இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போனவள் குளிக்காமல் வீட்டுக்குள் வரலாமா? மறுநாளே பின்வாசல் குழாயடியில் வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து வைத்துவிட்டேன். அவளும் மறுபேச்சில்லாமல் காலைக் கழுவி, தலைக்குத் தெளித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மறுநாள் மறுபடி வைத்தேன். மறுபடியும் தெளித்துக்கொண்டாள்.

“ஆண்டி, ஒண்ணு சொல்லலாமா?”

“சொல்லு மா.”

“இந்தப் பாடம் வருஷம் முழுக்க இருக்கு.”

அப்போதுதான் யோசித்தேன். எத்தனை மஞ்சள் வாங்குவது? பிறகு வெறும் தண்ணீர் ஆனது. பிறகு வாளியை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வருடம் அவள் தட்டிப் பார்க்கப் பழகினாள். இடது கை விரலை வைத்து, அதன் மேல் வலது கை விரலால் தட்டுவது. நெஞ்சுக்குள் காற்று இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று சத்தத்திலேயே தெரியுமாம். நெஞ்சு கிடைக்காத நேரத்தில் என் அரிசி டின்னைத் தட்டினாள். மேலே தட்டினால் டொங்கென்று கேட்கும். கீழே வரவர சத்தம் செத்துப்போகும். “ஆண்டி, அரிசி பாதிக்குக் கீழ போயிருச்சு” என்பாள். மூடியைத் திறந்து பார்த்தால் சரியாக இருக்கும். அலமாரி, தண்ணீர்த் தொட்டி, பப்பாளிப் பழம், ஒன்றையும் விடவில்லை. படிப்பில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எழுதுகிற பரீட்சையில் எப்போதும் நல்ல புள்ளிதான்.

தடுக்கி விழுந்தது மூன்றாவது வருடம்.

அந்த வருடத்திலிருந்து நோயாளியிடம் நேரே பேசிக் கேட்கிற பரீட்சை ஒன்று உண்டு. அதில் நோயாளியாக உட்கார்ந்திருப்பவர் நிஜ நோயாளி இல்லை. பல்கலைக்கழகத்தில் ஆள் வைத்து, இன்ன வியாதி என்று சொல்லிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். கேட்டால்தான் சொல்வார், கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். பக்கத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நேரம் முடிந்தால் மணி அடித்துவிடும்.

அன்றைக்கு வந்தவுடன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் தேத்தண்ணீர் கலந்து கதவைத் தட்டினேன். முகம் வீங்கியிருந்தது.

“ஃபெயில் ஆண்டி.”

“நீயா?”

நடந்ததைச் சொன்னாள். ஒரு மலாய் அம்மா, என் வயது இருக்குமாம். வயிற்று வலி என்று உட்கார்ந்திருந்தார். இவள் பேர் கேட்டாள், வலி எங்கே என்று கேட்டாள், சாப்பாடு கேட்டாள். அடுத்து வெளிக்குப் போவதைப் பற்றிக் கேட்க வேண்டும். அம்மா வயதில் ஒருவரை முகத்துக்கு நேரே பார்த்து அதை எப்படிக் கேட்பது? நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில், “யாங் லாயின் ஒக்கே?” என்று கேட்டாளாம். மற்றதெல்லாம் சரிதானே என்று. அந்த அம்மாவும் “ஒக்கே” என்று சொல்லிவிட்டார். மணி அடித்துவிட்டது.

“அவங்களுக்கு வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுது ஆண்டி. அதுதான் கேஸே. நான் அதக் கேக்கவே இல்ல.”

எங்கள் ஆட்களில் இடுப்புக்குக் கீழே உள்ள அத்தனைக்கும் ‘மத்தது’ என்றுதான் பேர். நான் கிளினிக்குக்குப் போனாலும் அதே கதைதான். டாக்டர் கேட்பார், நான் “மத்ததெல்லாம் நல்லா இருக்கு” என்பேன், மாத்திரையை வாங்கிக்கொண்டு வருவேன். அவள் கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

“இன்னொரு தடவ வைப்பாங்க. அதுலயும் போச்சுன்னா இந்த வருஷத்தத் திரும்பப் படிக்கணும். நான் படிக்க மாட்டேன் ஆண்டி. வீட்டுக்குப் போயிருவேன். கேக்கவே வாய் வராத ஆளுக்கு டாக்டர் வேலை எதுக்கு?”

சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்துவிடலாம். இவள் முடிவு செய்துவிட்ட மாதிரி பேசினாள்.

மறுநாள் அவளே வந்து, “ஆண்டி, நீங்க பேஷண்ட் மாதிரி உக்காருவீங்களா? நான் கேட்டுப் பழகணும்” என்றாள். பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டபோதே என்னை மரமாக நிறுத்தி வைத்தார்கள். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று எப்படிச் சொல்வது? அடுப்படி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். என் வியாதியை அவள் சொல்லிக் கொடுத்தாள். ரொம்ப நாளாக வயிற்று வலி, வெளிக்குச் சரியாகப் போகவில்லை, சில நாளைக்கு ரத்தம் போகிறது, உடம்பு இளைத்துவிட்டது. கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்.

“வணக்கம் மா. நான் மூணாவது வருஷ ஸ்டூடண்ட். உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா?”

“பேசலாம்.”

“சாப்பிட்டீங்களா மா?”

“சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“ஐயையோ, நேரம் என்னா ஆச்சு! இரு, தோசை ஊத்துறேன்.”

அன்றைய பரீட்சை தோசையோடு முடிந்தது.

அடுத்த முறை சாப்பாட்டை இரண்டு பேரும் முன்கூட்டியே முடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். வலி எங்கே, எப்போதிலிருந்து, எல்லாம் கேட்டாள். நானும் சொன்னேன். அந்த இடம் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மேசைத் துணியைப் பார்த்தாள்.

“மத்ததெல்லாம்...?”

“மத்ததெல்லாம் நல்லா இருக்கு மா.”

சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் அப்பாடா என்று இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. துணி காயப்போட வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“என்னாக்கா இது? ஒருத்தி கேக்க மாட்டேங்குறா, ஒருத்தி சொல்ல மாட்டேங்குறா. நடுவுல நோயாளி செத்தே போயிருவா லா!”

“நீதான் வந்து உக்காரேன்” என்றேன், கோபத்தில்.

அவள் நிஜமாகவே வந்துவிட்டாள். கையில் கச்சாங் டப்பாவோடு வந்து உட்கார்ந்து, கடலையைக் கொறித்துக்கொண்டே, பிள்ளை வணக்கம் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள். மூட்டு வலி, மூலம், மாதவிலக்கு நின்ற கதை, பெரியவனைப் பெற்றபோது போட்ட தையல், வீட்டுக்காரருடைய மலச்சிக்கல், அவருடைய அண்ணனுடைய விதைவீக்கம் வரைக்கும் போனது. பிள்ளையின் காது சிவந்து போனது. நான் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கிற மாதிரி நின்றேன். அவள் போன பிறகு பிள்ளை சொன்னாள்: “ஆண்டி, இவங்ககிட்ட நான் என்னா கேட்டுப் பழகுறது? வாய மூடச் சொல்லித்தான் பழகணும்.” அந்தப் பரீட்சைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்படியே நாள் போனது. மறுபரீட்சை நெருங்கியது. அவள் படுக்கைக்கு மேலே ஒட்டி வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதைப் பார்த்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும்தான் கேட்க வராதே.

நான் ஒரு கோழிச் சோற்றுக் கடைக்குத் தவ்கே வால் கிள்ளிக் கொடுப்பேன். தவ்கே என்றால் முளைப்பயறு. ஈப்போத் தவ்கே குட்டையாக, கொழுகொழுவென்று இருக்கும். வாலைக் கிள்ளிவிட்டால்தான் தட்டில் பார்க்க அழகு. கடைக்காரச் சீன அம்மா காலையில் பெரிய பேசின் பாத்திரத்தில் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார். பின்கட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படிக்க ஓடவில்லை, கொடுங்கள் நானும் கிள்ளுகிறேன் என்றாள். தோளோடு தோள் உட்கார்ந்து கிள்ளினோம். அவள் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

“என்னா சொல்ற?”

“கேள்விதான் ஆண்டி. தவ்கேகிட்ட கேட்டுப் பாக்குறேன். தவ்கேக்கு மாலு இல்லல்ல?”

வெட்கத்துக்கு நாங்கள் மாலு என்றுதான் சொல்வோம். எனக்குச் சிரிப்பு வந்தது. “சத்தமா கேளு. தவ்கேக்கு பதிலா நான் சொல்றேன்” என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. ஒரு தவ்கேயைக் கையில் எடுத்து அதைப் பார்த்தே கேட்டாள். “வெளிக்கு எப்படி மா போகுது?”

“சரியாப் போகல.” எனக்கும் சுலபமாக வந்துவிட்டது. என் கண்ணும் பேசினில்தான் இருந்தது.

“ரத்தம் போகுதா?”

“சில நாளைக்குப் போகுது.”

“ஒண்ணுக்கு? இருமுனா, தும்முனா சிந்துதா?”

“சிந்தும்.”

“எப்போலேருந்து மா?”

“தோட்டத்துல இருக்கறப்பவே.”

இரண்டு மூன்று வால் கிள்ளினாள். பிறகு, குரலை மாற்றாமல், “கீழ ஏதாச்சும் இறங்குற மாதிரி இருக்குமா?” என்று கேட்டாள்.

“இறங்கும். ரொம்ப நேரம் நின்னா இறங்கும். படுத்தா உள்ள போயிரும்.”

அவள் கை நின்றுவிட்டது.

“ஆண்டி, இது நான் சொல்லிக் குடுத்த கதையில இல்லையே.”

“இல்ல.”

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை எழுதவும் கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கதையை எழுதுவதே வீண். கடைசிப் பிள்ளை பிறந்து, உடம்பு தேறுவதற்கு முன்பே ரப்பர் பால் வாளியைத் தூக்கினேன். அப்போது வந்தது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியாது. சிரிப்பு வந்தால் காலை இறுக்கிக்கொண்டு பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொள்வேன். பஸ்ஸில் தூரப் பயணம் கிடையாது. கல்யாண வீட்டில் கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலிதான். அதுவே பழக்கமாகிவிட்டது. வியாதி என்றுகூட நினைப்பதில்லை.

தோட்டத்தில் நாங்கள் இந்த மாதிரிப் பேச்சு பேசியதே இல்லை என்று சொல்ல முடியாது. பெரட்டுக் கலைந்து, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு முடிந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது ஒற்றையடிப் பாதையில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடப்போம். பின்னால் வருகிறவள் முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்துச் சொல்வாள். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்வாள். திரும்பக் கூடாது, அது மரியாதை. தன் மர நிரை வந்தவுடன் அவரவர் பிரிந்துவிடுவோம். முகம் பார்த்துப் பேசியது கிடையாது. ஈப்போவுக்கு வந்த பிறகு ஒற்றையடிப் பாதை ஏது? எல்லோரும் நாற்காலி போட்டு எதிரில் உட்கார வைத்துத்தான் கேட்கிறார்கள்.

அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். மறுபடி கிள்ள ஆரம்பித்து, தவ்கேயைப் பார்த்தே ஒவ்வொன்றாகக் கேட்டாள். எரிச்சல் உண்டா, இடுப்பு வலிக்குமா, ரத்தம் படுமா, எத்தனை பிரசவம். ஒன்றும் விடவில்லை. நாக்கு ஒட்டவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “இதச் சரி பண்ணலாம் ஆண்டி. பெரிய ஆஸ்பத்திரியில பொம்பள டாக்டர் இருப்பாங்க” என்றாள்.

“மாலு லா.”

“எனக்கு மட்டும் மாலு இல்லையா? நான் போய் முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட கேக்கணும்.”

“நீ இப்பக் கேட்டல்ல. நல்லாத்தான கேட்ட.”

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது போல. கையில் இருந்த தவ்கேயைப் பேசினில் போட்டாள். பிறகு, “நான் பாஸ் பண்ணா ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா?” என்றாள்.

“வாரேன்.”

அவளைத் தெம்பாக்கத்தான் பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் கையை நீட்டினாள், கை முழுக்கத் தவ்கே வால். குலுக்கினோம். குலுக்கிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று தோன்றியது.

அதிலிருந்து தினமும் பின்கட்டில்தான் பாடம். கேள்வியெல்லாம் தண்ணீர் போல வந்தது. மேசைக்குப் போய் எதிரெதிரே உட்கார்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரி யோசனை சொன்னாள்: “பேசாம ஒரு பொட்டலம் தவ்கே கட்டிக் குடுத்து விடுங்கக்கா. பரீட்சையில நோயாளி பாதி, இவ பாதி கிள்ளட்டும்.”

பிள்ளை சிரிக்கவில்லை. ஏதோ யோசித்தபடி உள்ளே போனாள்.

மறுபரீட்சை அன்று காலை எங்கள் தாமான் கோயிலுக்குப் போனேன். சூடத்துக்கு முன்னால் நின்று, பிள்ளை பாஸாக வேண்டும் என்று கும்பிட்டேன். உடனே, பாஸானால் நான் போக வேண்டுமே என்று நினைவு வந்தது. நின்றுவிட்டேன். சாமிக்கு என்னுடைய வேண்டுதல் அன்றைக்கு ரொம்பக் குழப்பமாக இருந்திருக்கும். கடைசியில், அவள் படித்த படிப்பு வீண் போகக் கூடாது, என்னை நீ அப்புறம் பார்த்துக்கொள் என்று சொல்லி விபூதி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்தாள். நோயாளியாக உட்கார்ந்திருந்தவர் ஒரு சீனப் பெரியவராம். ஆள் வாட்டசாட்டம், கையைக் கட்டிக்கொண்டு, அசதியாக இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

“எனக்கு மறுபடி வாய் வரல ஆண்டி. அப்புறம், அங்கிள், நாடி பாக்கலாமான்னு கேட்டேன். நாற்காலிய அவரு பக்கத்துல இழுத்துப் போட்டு மணிக்கட்டப் புடிச்சேன். அவரு என் விரலப் பாக்குறாரு, நானும் அதத்தான் பாக்குறேன். ரெண்டு பேரும் மூஞ்சியப் பாக்கல. அப்படியே கேட்டுட்டேன். வெளிக்கு கறுப்பாப் போகுதாம், தார் மாதிரி. மூணு மாசமா. யாருகிட்டயும் சொல்லலியாம்.”

“பரீட்சை டாக்டர் என்னா சொன்னாரு?”

“பேசிக்கிட்டே நாடிய எண்ண முடியாதேன்னு கேட்டாரு. பேசி முடிச்சிட்டு மறுபடி எண்ணுனேன்னு சொன்னேன். அவரு மூஞ்சி பலக மாதிரி இருந்திச்சு. எனக்குப் பயமா இருக்கு ஆண்டி.”

நாடி பிடிக்கிற யோசனை அவளுடையதுதான். நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுமில்லை. எனக்கு நாடி எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாது.

முடிவு வர நாளானது. அந்த நாட்களில் அவள் அரிசி டின்னைத் தட்டவில்லை, அறையை விட்டும் அதிகம் வரவில்லை. அவள் அம்மா பாகான் செராயிலிருந்து தினமும் எனக்குப் போன் செய்து, “பிள்ள சாப்புடுதாக்கா?” என்று கேட்பார். சாப்பிடுகிறாள் என்று பொய் சொல்வேன்.

ஒருநாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். தெருமுனையிலேயே பிள்ளையின் மோட்டார் சைக்கிள் ஹாரன் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டு வந்தாள். சத்தமே போடாத பிள்ளை, கேட்டுக்கு வெளியே நின்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஆண்டி! ஐசி எடுங்க!”

அடையாளக் கார்டு எதற்கு? யாருக்கு என்ன ஆனது? துடைப்பத்தோடு நின்றேன். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் பதிய அடையாளக் கார்டு வேண்டும். அதுதான் சொல்கிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போய்க் கட்டிப்பிடித்தேன். என் பிள்ளைகளைக்கூடத் தெருவில் வைத்துக் கட்டிப்பிடித்தது இல்லை. ஹெல்மெட் என் நெற்றியில் இடித்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். அன்று சாயங்காலமே பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் லாரியிலேயே வந்து இறங்கினார்கள். ஒரு மூட்டை புது அரிசி கொண்டு வந்தார்கள். அந்த அப்பா மகளுடைய தலையில் கையை வைத்து, எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

சொன்ன வாக்கை நான் காப்பாற்ற வேண்டுமே. முதலில் பக்கத்துக் கிளினிக், அங்கே சீட்டு வாங்கி, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளை கூடவே வந்தாள். டாக்டர் ஒரு அம்மா, யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“நான் வெளிய நிக்கவா ஆண்டி?”

“உள்ள வா. ஆனா செவத்தப் பாத்துக்கிட்டு நில்லு.”

பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை போல, தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிற படத்தைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“வாங்கோ அம்மா, இருங்கோ. என்ன செய்யுது உங்களுக்கு?”

டாக்டர் நேரே என் கண்ணைப் பார்த்தார். அவ்வளவுதான். “ஒண்ணுமில்ல டாக்டர். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

சுவரோரத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது.

என்ன தைரியத்தில் செய்தேனோ, என் கையை நீட்டிவிட்டேன். “டாக்டர், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் நாடி புடிச்சுக்கிட்டே கேக்குறீங்களா?”

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்தார். “சரி அம்மா, நாடியைப் பார்ப்பம். நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ.” அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரியே தோற்றிருப்பாள்.

கருப்பை இறங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் உடனே வேண்டாம், வளையம் ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்றார். ரப்பரா என்று கேட்டேன். இல்லையம்மா, சிலிக்கோன் என்றார். வைத்தபோது பயந்த அளவுக்கு வலி இல்லை. அவ்வப்போது போய்க் காட்டி, எடுத்துச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். இத்தனை வருடம் தூக்கிக்கொண்டு திரிந்ததற்கு அவ்வளவுதான்.

வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்தில் பிள்ளை சொன்னாள்: “இருமுங்க ஆண்டி.”

“இங்கயா?”

“இருமுங்க லா!”

இருமினேன். ஒன்றுமில்லை. பலமாக இருமினேன். ஒன்றுமில்லை. வரிசையில் நின்ற மலாய்க்காரப் பையன் முகத்தை மூடிக்கொண்டு தள்ளிப் போனான். அதைப் பார்த்து இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. நான் காலை இறுக்காமல், பாதியில் நிறுத்தாமல், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தேன்.

இப்போது அவள் நாலாவது வருடம். தைப்பிங் ஆஸ்பத்திரியில் வேலை பழகப் போயிருக்கிறாள். மழை விடவே இல்லையாம், துணி காயவில்லையாம். வார்டில் வயதான பெண்களெல்லாம் அவளைத் தேடிக் கூப்பிட்டுப் பேசுகிறார்களாம். சாப்பிடக்கூட நேரமில்லை ஆண்டி என்று போனில் சலித்துக்கொள்கிறாள், குரலில் சலிப்பைக் காணோம்.

மாதர் குழுவில் யாருக்காவது என்னைப் போல இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். நேரே பார்த்துச் சொல்ல வரவில்லை என்றால், கையை நீட்டிவிட்டுச் சொல்லுங்கள். நான் அதற்காகத்தான் எழுதினேன்.

டீச்சர், புத்தகத்தில் போடுவதற்கு முன்னால் இதை விவரம் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். வளையத்துக்கு டாக்டர் ஒரு பேர் சொன்னார், அது எனக்கு நிற்கவில்லை. கறுப்பாகப் போவதும் ரத்தம்தான் என்று பிள்ளை சொன்னாள், அதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா தெரியவில்லை. செத்த உடம்புப் பாடம் முதல் வருடமா, இரண்டாவது வருடமும் இருந்ததா என்பதிலும் சந்தேகம். தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.